இந்த ஒரு அப்டேட்தான்

"இன்னும் முடியலையாங்க?" மனைவி அலுத்துக்கொண்டாள்.

"இந்த ஒரு அப்டேட்தான். அப்புறம் பையன் விளையாட வேண்டியதுதான்."

மகனின் பிறந்தநாளுக்கு வாங்கிய மலிவு விலை வீடியோ கேம் அது. கையில் கொடுக்கும் முன் கணவர் புது சாஃப்ட்வேர் ஏற்றினார். பட்டன் மக்கர் பண்ணியது. பட்டனைச் சரிக்கட்டினால் சத்தம் போனது. சத்தம் திரும்பியபோது இன்னும் புது சாஃப்ட்வேர் வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

"பாவம், கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சே போயிட்டான்."

கண்ணைக் கசக்கிக்கொண்டு பட்டனை அழுத்தினார். திரை பளிச்சென்று விழித்தது. வாங்கிய அன்று அவர் ஏற்றி வைத்திருந்த போட்டோவில், முன்பல் விழுந்த மகன் சிரித்தான். சத்தமும் வந்தது, பட்டன்களும் வேலை செய்தன.

"கண்ணா, ஓடி வா! ரெடி!"

குளியலறையிலிருந்து பதில் வந்தது: "இருங்கப்பா, ஷேவ் பண்ணிட்டு வந்துடறேன்."