இடது கைப் பக்கம்

திரை மறுபடியும் கறுத்துப்போனது.

கார்முகில் லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வேறொரு பதிப்பை இறக்கினான்.

விண்டோஸில் மூச்சு வாங்கிய பழைய லேப்டாப் அது. லினக்ஸ் போட்ட பிறகு எல்லாம் வேகமாக ஓடியது, இனியவனுக்குப் பிடித்த அந்த ஒரு விளையாட்டைத் தவிர. மலைப்பாதையில் கார் ஓட்டும் விளையாட்டு. விண்டோஸுக்கென்றே செய்தது. லினக்ஸில் ஓட்ட இடையில் இன்னொரு மென்பொருள் வேண்டும். அதில் எந்தப் பதிப்பு ஒத்துவரும் என்று இணையத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்றில் சத்தம் மட்டும் வந்தது. இன்னொன்றில் படம் வந்து அப்படியே உறைந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் இருவருக்கும் ஒரே வாடகை அறை, ஒரே கம்பெனி. இனியவன் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில். கார்முகில் மெயின்டெனன்ஸில்.

இனியவன் ஜன்னலோரம் பாயில் படுத்திருந்தான். கட்டுப்போட்ட வலது கை தலையணை மேல் இருந்தது. கட்டுக்குள் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவன் அதிகம் பேசுவதில்லை.

திடீரென்று மலை தெரிந்தது. மழையில் நனைந்த தார்ச்சாலை. என்ஜின் உறுமியது.

கார்முகில் உடனே அவனைக் கூப்பிடவில்லை. செட்டிங்கிற்குள் போய், வலது பக்க அம்புக்குறி பட்டன்களில் இருந்த ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றையும் இடது பக்க எழுத்துகளுக்கு மாற்றினான். இடது கையால் மட்டும் ஓட்டிப் பார்த்தான். பிறகு லேப்டாப்பைத் தூக்கிப்போய்ப் பாயருகே வைத்தான்.

இனியவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

முதல் வளைவிலேயே காரைப் பள்ளத்தில் விட்டான். மறுபடியும் விட்டான். அப்புறம் எப்படியோ வளைவைத் தாண்டியதும் சிரித்தான். விரல்கள் போன பிறகு அவன் சிரித்து கார்முகில் பார்த்ததில்லை.

பார்த்துக்கொண்டே இருக்க முடியாமல் கார்முகில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

"டேய்," என்றான் இனியவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "லைன் அடிக்கடி நிக்குதுன்னு சூப்பர்வைசர் சொல்லித்தான நீ அந்த சென்சார கட் பண்ண? விசாரணைல கேட்டா அத அப்டியே சொல்லிடு. எனக்கு உம்மேல கோவம் ஒண்ணும் கெடையாதுடா."

கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் அது.

"சரிடா," என்றான் கார்முகில்.

அவனிடம் விசாரணை காலையிலேயே முடிந்திருந்தது. சென்சாரைத் துண்டித்தது இனியவன்தான், கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு நேராக அறைக்கு வந்துதான் அவன் லேப்டாப்பைத் திறந்திருந்தான்.