வாய்தா இல்லாத கோர்ட்

புதிதாக வந்த இயந்திர நீதிமன்றம் எந்த வழக்கையும் பதினோரு நிமிடத்தில் முடித்துவிடும். அதை நம்பித்தான் கம்பெனிகள் வந்து குவிந்தன. செங்கமலத்தின் வீட்டுமனைக்கும் ஒரு கம்பெனி உரிமை கோரியது.

"வக்கீலய்யா, பட்டா நகலுக்குத் தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன். அது வர்ற வரைக்கும் ஒரு வாய்தா வாங்குங்கய்யா."

"வாய்தாவையே எடுத்துட்டாங்கம்மா."

பதினோராவது நிமிடம் தீர்ப்பு வந்தது. சாயங்காலத்துக்குள் வீடு தரைமட்டமானது.

தாலுகா ஆபீஸுக்கு மட்டும் எந்த அவசரமுமில்லை. எட்டு மாதம் கழித்து, கம்பெனி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த செங்கமலத்தின் முன்னால் தபால்காரர் வந்து நின்றார்.

"உங்க பட்டா நகலும்மா. விலாசந்தான் தப்பாப் போட்டிருக்காங்க போல."

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"விலாசம் சரிதான்யா. நீங்க நிக்கிறது எங்க அடுப்படி."