மருந்துக் கோழி

கோழிக்கு ஆராவது உள்ளியும் மஞ்சளும் அரைச்சுக் குடுத்ததைக் கண்டிருக்கிறியளோ?

உரும்பிராய்க் குணலட்சுமி கொடுத்தாள். சண்டையில் பாதை பூட்டின பிறகு கொழும்புக் கோழித்தீன் மூட்டை யாழ்ப்பாணம் வருவதில்லை. கூட்டுக்குள் நிற்பதோ வெள்ளை இறைச்சிக் கோழிகள். கண் முழித்தால் தின்னக் கேட்கிற சாதி. வேலி முருங்கையின் இலையைக் காயவைத்து, இடித்து, தவிட்டோடு குழைத்து வைத்தாள். இருமலும் கழிச்சலும் வராமலிருக்க உள்ளிப் பூண்டையும் மஞ்சளையும் அரைத்துத் தண்ணீரில் கலந்தாள்.

"கோழிக்கு ரசம் வைக்கிறாள். எனக்கு ஒரு சொதிகூட இல்லை," என்று புருசன் பரமலிங்கம் பகிடி பண்ணினான்.

கோழிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. விற்கிற நேரம் பார்த்துக் கதை கிளம்பியது.

"அவள் கோழிக்கு மருந்து போடுறாள்!"

சங்கக்கடையில் வைத்து இதைச் சொன்னவர் சண்முகநாதன் மாஸ்ரர். பாதி ஊருக்குப் படிப்பித்தவர். பிறகென்ன, ஒருத்தரும் குணலட்சுமி வீட்டுப் படலையைத் திறக்கவில்லை.

இறைச்சிக் கோழியை விற்காமல் வைத்திருக்க ஏலாது. கொழுத்து, வெக்கைக்கு ஒவ்வொன்றாய் விழுந்து சாகும். கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாஸ்ரர் வீட்டுக்கு நடந்தாள்.

மாஸ்ரர் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர். மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். கோழிக்கறி.

"வா பிள்ளை. என்ன விசயம்?"

"நான் கோழிக்கு மருந்து போடுறனெண்டு சொன்னனீங்களாம்?"

"ஓம், சொன்னனான். உன்ரை கோழிக் கூட்டுக்குள்ளை மஞ்சள் தண்ணி வைச்சிருக்கிறதை என்ரை கண்ணாலை கண்டனான்."

"அது உள்ளியும் மஞ்சளும், மாஸ்ரர். தீனுக்கு முருங்கையிலை. வேறை ஒண்டுமில்லை."

"உந்தக் கதையை விடு. இஞ்சை பார், இதெல்லோ கோழி!" பொக்கை வாய்க்குள் இறைச்சியை உருட்டியபடி குசினிப் பக்கம் கேட்கச் சொன்னார். "கழுவேக்கை பாத்தனான், கொழுப்பு என்ன மஞ்சள்! மேய்ஞ்சு திரிஞ்ச ஊர்க்கோழி. உன்ரை கோழியின்ரை கொழுப்பு வெள்ளைச் சவுக்காரம் மாதிரியெல்லோ இருக்கும்!"

குணலட்சுமி அவரின் சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள். முருங்கையிலை தின்ற கோழிக்கும் கொழுப்பு அப்படி மஞ்சளிக்கும். முதல்நாள் பின்னேரம் படலையால் வராமல், வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, "வீட்டுக்கு ஆக்கள் வருகினம்" என்று ஒரு கோழி வாங்கிப் போனது மாஸ்ரரின் மனுசி பாலேஸ்வரி.

நிமிர்ந்தாள். குசினி வாசலில் பாலேஸ்வரி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள்.

ஒரு சொல் சொன்னால் போதும். அத்தனை கோழியும் விற்றுப்போகும். ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு அந்த மனுசன் இன்றைக்குத்தான் வாய்க்கு ருசியாய்ச் சாப்பிடுகிறார்.

"நல்லாச் சாப்பிடுங்கோ மாஸ்ரர். நான் வாறன்."

படலையடிக்கு வந்திருப்பாள். பின்னால் செருப்புச் சத்தம். கைகழுவிய ஈரத்தோடு மாஸ்ரர்.

"நில்லு பிள்ளை. பின்னேரம் சங்கக்கடைக்குப் போறன். அது மருந்தில்லை, முருங்கையிலையெண்டு நானே சொல்லிவிடுறன். பிழையாக் கதைச்சுப் போட்டன்."

குணலட்சுமி திகைத்துப் போனாள்.

"இப்பதானே மாஸ்ரர், ஊர்க்கோழியெண்டு..."

"இந்தப் பொக்கை வாயாலை இறுகின ஊர்க்கோழியைச் சப்ப ஏலுமே? உன்ரை கோழியெண்டு முதல் வாயிலையே பிடிச்சிட்டன்." திரும்பிக் குசினியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாவம், நான் ஒரு வாய் தின்ன வேணுமெண்டு பொய் சொல்லி ஆக்கித் தந்தவள். எனக்குத் தெரியுமெண்டு அவளிட்டை மட்டும் சொல்லிப்போடாதை மோனை!"