செவ்வாய், வியாழன், சனி

"உள்ள வரலாமா? இல்ல, வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போயிடவா?"

குரலைக் கேட்டதும் ஆனந்தவல்லி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பக்கத்து வயல்காரர் நெடுஞ்செழியன்! ஆறு வருடமாக இந்த வீட்டுப் படி ஏறாதவர். வரப்பை யார் வெட்டிக் குறைத்தது என்று அவருக்கும் அவள் கணவர் அமிர்தலிங்கத்துக்கும் தகராறு. சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்றிய பிறகும் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"வாங்கண்ணே, உள்ள வாங்க."

நாற்காலியில் வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த அமிர்தலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னய்யா, நான் எப்ப சாவேன்னு பாக்க வந்தியா?"

"டயாலிசிஸ் பண்ணிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறியாமே, மருந்துக்கடையில சொன்னாங்க. அதான் வந்தேன்."

போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு கிட்னியும் போய்விட்டது, டயாலிசிஸை இனி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று. அன்றிலிருந்து ஆனந்தவல்லி கெஞ்சுகிறாள். அவர் அசையவில்லை.

"நடவு முடியட்டும், பாக்கலாம்" என்றார் இப்போதும்.

"உன் நடவை என் ஆளுங்க நட்டுருவாங்க."

"வரப்பு ஓரமா ரெண்டு வரிசை தள்ளி நடுவாங்க. அதானே?"

ஆனந்தவல்லி உள்ளே திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நீயே நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்க" என்றார் நெடுஞ்செழியன். "ஆனா செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் மயிலாடுதுறைக்குப் போயிடணும். காலையில கார் வந்துடும். சொல்லிட்டேன்."

"அதெல்லாம் நமக்கு ஆகாதுய்யா. ஆத்துல தண்ணி கரை புரண்டு ஓடுது, நான் டம்ளர்ல அளந்து குடிக்கணுமாம். உடம்புல ஓடற ரத்தம் மொத்தமும் வெளிய போயி மெஷின்ல சுத்துமாம்."

"மொத்தமா எல்லாம் போவாதுய்யா. ஒரு குழாய்ல கொஞ்சம் கொஞ்சமா போகும், இன்னொரு குழாய்ல சுத்தமாகித் திரும்ப வந்துடும். நம்ம வாய்க்கால் வடிகால் மாதிரிதான்."

"வலிக்கும்ல?"

"குழாய் சொருகறப்ப கொஞ்சம் வலிக்குமாம். அப்புறம் ஒண்ணும் இல்ல. ஒருத்தர் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுக் குறட்டை விடறாரு. ஒரு டீச்சரம்மா படுத்த வாக்குல பரீட்சைப் பேப்பர் திருத்தறாங்க. ஏசி வேற. குளிருது."

அமிர்தலிங்கம் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"நீ எப்பய்யா இதெல்லாம் பாத்தே?"

"போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"எனக்காகவா?"

ஆனந்தவல்லி கொடுத்த காபியில் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார் நெடுஞ்செழியன்.

அமிர்தலிங்கம் அதட்டினார். "நான் இருந்தா என்ன, போனா உனக்கு என்னய்யா?"

"நீ போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடறது? உன் மாப்பிள்ளை வயலை வித்துடுவாரு. வாங்கறவன் பிளாட் போட்டுக் கம்பி வேலி கட்டிடுவான். அவன்கிட்டப் போயி வரப்புச் சண்டை போட முடியுமா?"

அமிர்தலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. ஆனந்தவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாலு மணி நேரம் படுத்துக் கெடக்கணுமேய்யா" என்றார், பாதி இறங்கி வந்த குரலில்.

"கெட. நாலு மணி நேரமும் நானும் அங்கதான் இருப்பேன். உன்னை விட்டுட்டு நகர மாட்டேன். போதுமா?"

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கெல்லாம் கார் வந்து நின்றது. வழி முழுக்க இருவரும் வரப்பைப் பற்றியே சண்டை போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல் வந்ததைக்கூட அமிர்தலிங்கம் கவனிக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் கால் தயங்கியது. நெடுஞ்செழியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி சற்று இறுக்கமாகவே இருந்தது.

டயாலிசிஸ் அறைக் கதவைத் திறந்த நர்ஸ் எழில்மொழி, அமிர்தலிங்கத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"நாலாம் நம்பர் பெட் சார். பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்."

பிறகு அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"அட, நெடுஞ்செழியன் சார்! போன வியாழக்கிழமை பாத்ரூம் போயிட்டு வரேன்னு பெட்டுலேர்ந்து எழுந்து ஓடினவர்தானே நீங்க? ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினோம். அஞ்சாம் நம்பர் பெட் உங்களுக்குத்தான். இன்னைக்காவது படுப்பீங்களா?"

அமிர்தலிங்கம் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"தனியாப் படுக்க பயமா இருந்துச்சுய்யா" என்றார் நெடுஞ்செழியன், பிடித்த கையை விடாமல்.