பாண்டியனுக்குப் பன்னிரண்டாவது பெண்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கதை சின்னது. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

"இன்னும் நாலடி நடம்மா, பாக்கலாம்" என்றாள் பூவம்மாள்.

பட்டுப்புடவை கட்டியிருந்த வெண்மதி நடந்தாள். சிதம்பரம் கீழவீதிப் பக்கத்தில் ஒரு மண்டபம் அது. பெண்ணின் ஓவியக் கண்காட்சி இன்றோடு முடிகிறது, விட்டுவிட்டு வர முடியாது, நீங்களே அங்கே வந்து பார்த்துவிடுங்கள் என்று பெண்ணின் அம்மா மங்கலம் சொல்லியனுப்பியிருந்தாள். கோயிலில் பார்க்கிறார்கள், ஓட்டலில் பார்க்கிறார்கள், கண்காட்சியில் பார்த்தால் என்ன என்று பூவம்மாளும் கடலூர் முதுநகரிலிருந்து மகனையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வேறு வழியும் இல்லை. சிப்காட்டில் வேலை பார்க்கும் பாண்டியனுக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. பதினோரு பெண் பார்த்து, பதினொன்றும் தட்டிப் போயிருந்தது. "இதுதாம்மா கடைசி. இதுவும் போச்சுன்னா என்னை வுட்டுடு" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டான். அப்போதிலிருந்து பூவம்மாள் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

மரியாதைக்கு மட்டும் குறையே இல்லை. நடுக்கூடத்தில் சோபா போட்டு, யாரும் வந்து இடிக்காதபடி சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். மங்கலம் கயிற்றுக்கு வெளியே நின்றபடியே பஜ்ஜித் தட்டை நீட்டினாள்.

"உள்ள வாங்க சம்பந்தி!"

"ஐயோ, எனக்கே அனுமதி இல்லீங்க. நீங்க மூணு பேருதான்னு கண்டிஷனா சொல்லிட்டா எம் பொண்ணு."

மங்கலத்துக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஜிப்பா போட்டவர்கள் பாதி, அதில் ஒரு வெள்ளைக்காரியும் இருந்தாள். ஒவ்வொருவராகப் பூவம்மாளின் முழங்கைப் பக்கம் குனிந்து எதையோ உற்றுப் பார்த்துவிட்டு, ரெண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். வளையலைப் பார்க்கிறார்களாக்கும் என்று அவள் கையை இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டாள்.

"இன்னாடா, பொண்ணுக்கு இம்மாஞ் சொந்தமா?" என்று தம்பி நடனசபாபதியின் காதைக் கடித்தாள்.

"படிச்ச குடும்பம்க்கா. அப்டித்தான் இருக்கும்."

சுவரில் ஆறு படங்கள். ஆறிலும் வெண்மதியேதான்.

"எல்லாத்துலயும் உன் மூஞ்சிதானா? கடலு, கோயிலு, பூவு, ஒண்ணும் வரைய வராதா?"

"என்னையே இன்னும் சரியா வரைஞ்சு முடிக்கலீங்க அத்தை."

"அது சரி, அந்தப் படத்துல இன்னாத்துக்கு மீசை?"

"தேவனாம்பட்டினத்துல மீன் ஏலம் கூவப் போனேன், ஆம்பளக் குரல்தான் வேணும்னாங்க. மீசை வச்சா குரல் வருதான்னு பாத்தேன்."

"வந்துச்சா?"

"கூட்டம் வந்துச்சு."

இன்னொரு படத்தில் அவளே வெள்ளை வெளேரென்ற நிறத்தில் சிரித்தாள்.

"இது?"

"ஜாதகத்தோட உங்களுக்கு அனுப்புனாங்களே, ஸ்டுடியோ போட்டோ, அதப் பாத்து வரைஞ்சது. அது யாருன்னு எனக்கும் தெரியலைங்க."

போட்டோப் பேச்சு வந்ததுதான் தாமதம், நடனசபாபதி பைக்குள் கையை விட்டார். தம்பி படகுக்குப் பெயின்ட் விற்கிற கடைக்காரர். போட்டோவும் பெண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கக் கடையில் பெயின்ட் நிறங்களைக் காட்டுகிற ஷேடு கார்டை எந்தப் பெண் வீட்டுக்கும் மறக்காமல் எடுத்துப் போவார். பதினோரு பெண்ணில் எட்டைக் கெடுத்தது அந்த அட்டைதான்.

"டேய், வேணாண்டா!"

"சும்மாருக்கா, ஏமாந்துடக் கூடாது." அட்டையை விரித்து வெண்மதியின் கையருகே பிடித்தார். "போட்டோ ஐவரி. பொண்ணு காபி பிரவுன். நடுவுல நாலு கட்டம் இடிக்குதே!"

கயிற்றுக்கு வெளியே "ஆகா!" என்றார்கள். ஒருவர் கையே தட்டிவிட்டார்.

பாண்டியன் பஜ்ஜியைத் தட்டில் வைத்தான். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டான்.

"மாமா, என்னை வச்சுப் பாருங்க."

மாமா வைத்துப் பார்த்தார். அட்டையைத் திருப்பியும் பார்த்தார். கடைசிக் கட்டத்துக்கும் கீழே போய்விட்டது அவன் நிறம்.

"அட்டை பத்தல மாப்ள" என்றார் பரிதாபமாக.

வெண்மதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பூவம்மாளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. எழுந்து, தம்பி கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிச் சோபாவில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. நெறம் கிறம்னு இனிமே எவனும் வாயத் தொறக்கக் கூடாது. எம் பையன உனக்குப் புடிச்சிருக்கான்னு நீ சொல்லு தாயி."

வெண்மதி வாய் திறப்பதற்குள், கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி கயிற்றோரம் குனிந்து, சோபாவின் கைப்பிடியில் ஒட்டியிருந்த சீட்டைச் சத்தமாகப் படித்தாள்.

"எண் ஏழு. பெண் பார்க்க வந்தவர்கள். சோபா, பஜ்ஜி, உயிருள்ள மனிதர்கள்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "பிரமாதம்மா! அந்த ஆறு படமும் அப்புறம் பேசிக்கலாம். எங்க மியூசியத்துக்கு இந்த ஏழாம் நம்பரை அப்படியே மொத்தமா வாங்கிக்கிறோம்."

வாய்க்குக் கொண்டுபோன பஜ்ஜியோடு பூவம்மாளின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

வெண்மதி பாண்டியனை மேலும் கீழும் நிதானமாக ஒருமுறை பார்த்தாள்.

"மொத்தமாத் தர முடியாதுங்க மேடம். மாப்பிள்ளைய நான் எடுத்துக்கிறேன்."

உங்கள் வீட்டுக்கு வருகிற மருமகளும் மருமகனும் இப்படிச் சிரித்த முகமாகவே வந்து சேரட்டும். ஒரு குறையும் இல்லாமல் இருங்கள், என் கண்ணுகளா.