கவுச்சி அடுப்பு

“வாசல் வீட்டப் பாத்து இருக்கவே கூடாது பால்பாண்டி. காத்தடிச்சாக்கூட அந்தக் கண்றாவி எங்க பக்கம் வரப்படாது.”

கொல்லையில் முருங்கை மரத்தடியில் நின்று கொத்தனாருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார் சுந்தரலிங்கம். பேசும்போதே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வள்ளலார் படத்துக்குத் தினமும் விளக்கேற்றும் வீடு அது. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அங்கே கவுச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குள் கடமலைக்குண்டிலிருந்து வைரமணி மருமகளாக வந்தாள், வீடு நாறிப்போயிற்று.

அனுமந்தன்பட்டியில் விடியற்காலை பஸ் ஏறி, பெரியகுளத்தில் தோட்டக்கலை ஆபீசில் வேலை பார்த்து, விளக்கு வைத்தபின் வீடு திரும்பியவர் சுந்தரலிங்கம். போன வருடம் ஓய்வு பெற்ற கையோடு மகன் கல்யாணத்தையும் முடித்தார். இனி நிம்மதியாக வீட்டில் உட்காரலாம் என்று பார்த்தால், அதற்குக் கொடுத்துவைக்கவில்லை.

பகலில் பேங்குக்குப் போய்விட்டு வந்தால் போதும், நடுவீட்டில் கருவாட்டு வாடை நிற்கும். தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கினால் அதிலும் அதே நாற்றம். துப்பிவிட்டு வந்து யார் வேலை என்று கேட்டால், மருமகள் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் குப்பைக்கூடையில் கீரைத்தண்டுக்கு அடியில் ஒரு கருவாட்டுத் தலை கிடந்தது. அன்றைக்குத் தலை முழுகியும் அவருக்கு அருவருப்பு அடங்கவில்லை. ராத்திரிச் சோற்றையும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஆடிக்குத் தாய்வீட்டுக்குப் போன வைரமணி அந்த மாதம் முழுக்க அங்கேதான் இருந்தாள். அப்போதும் வாடை போகவில்லை. சுவரெல்லாம் ஊறிப்போச்சு என்று ஆளை விட்டு வெள்ளையடித்துப் பார்த்தார், அதற்கும் மசியவில்லை.

கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தார். மருமகளுக்குக் கொல்லையில் தனி அடுப்பு. அவள் ஆக்குவதும் அங்கே, தின்பதும் அங்கே.

“மூணு பக்கம் செவரு, மேல சிமெண்ட் சீட்டு, கடப்பாக்கல்லு மேடை, பாத்திரங் கழுவத் தொட்டி,” என்று அடுக்கினான் பால்பாண்டி. “எல்லாஞ் சேத்து முப்பதாயிரம் ஆகும் சார்.”

“கருவாடு வறுக்கிறதுக்கு எதுக்குய்யா கடப்பாக்கல்லு? சிமெண்டப் பூசி விடு. செவரு ஒண்ணு போதும். மோட்டார் ரூம்ல கழட்டிப் போட்ட தகரம் கெடக்கு, அத மேல போட்டுரு.”

“தகரம் வெயில்ல கொதிக்குமேங்க,” என்று பின்வாசல் படியிலிருந்து ஒரு குரல். அவர் மனைவி சந்தனம்மாள்.

“கொதிக்கட்டும். அப்பத்தான் புத்தி வரும்.”

“ஒத்தச் செவருன்னா சாரல் அடிச்சு அடுப்பு அணைஞ்சிரும். தொட்டியும் இருக்கட்டுங்க. கழுவுன தண்ணி காலுக்குள்ள ஓடுனா அங்கன மனுசி நிக்க முடியாது.”

“அக்கா சொல்றாகள்ல சார், தொட்டியாச்சும் வச்சிருவோம்,” என்றான் பால்பாண்டி.

சுந்தரலிங்கம் மனைவியை முறைத்தார். “உனக்கு எதுக்கு இம்புட்டு அக்கறை? நீ குடுக்கிற எடந்தான் அவள இப்பிடி ஆக்கி வச்சிருக்கு.”

பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார். “இவளும் மீனு கருவாடுன்னு தின்னுக்கிட்டிருந்த வீட்ல இருந்து வந்தவதான் பால்பாண்டி. தாலி கட்டுன மறுவாரமே மாத்திப்புட்டேன். நாம சொல்ற விதத்துல சொன்னா கேப்பாக.” அந்தப் பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வைரமணிக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஈரச்சேலையை முகத்துக்கு நேராக விரித்துப் போட்டு, அதற்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தனம்மாள் அதைப் பார்த்தாள்.

“ஒத்தச் செவரு, தகரம், பூச்சு மேடைன்னா எட்டாயிரத்துல முடிச்சிரலாம்,” என்றான் பால்பாண்டி அரைமனதாக.

“அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. இந்த அசிங்கத்துக்கு அதுவே சாஸ்தி.” கொடிப்பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார். “கேட்டுக்க ஆத்தா. உன் தட்டு, டம்ளரு எல்லாம் இனிமே இங்கனதான். உள்ள கொண்டாந்தா தூக்கித் தெருவுல எறிஞ்சிருவேன்.”

“சரிங்க மாமா.”

மேடைக்கு டேப் வைத்து அளக்கும் பழக்கம் பால்பாண்டிக்குக் கிடையாது. சமைக்கிற ஆளைச் சுவரோரம் நிறுத்தி, இடுப்புக்கு நேரே கோடு கிழித்துத்தான் உயரம் வைப்பான். கரித்துண்டு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மதில் சுவர்ப் பக்கம் போனான்.

“சமைக்கிறவுக வந்து நில்லுங்க.”

“போத்தா, போயி நில்லு,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் சுந்தரலிங்கம்.

வைரமணி கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு நடந்தாள். அதற்குள் படியிறங்கி வந்த சந்தனம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே போய்ச் சுவரோரம் நின்றாள்.

“நீ எதுக்கு அங்கன போயி நிக்கிற?”

சந்தனம்மாள் புருசனைப் பார்க்கவில்லை. “கோடு போடு பால்பாண்டி,” என்றாள். “அந்தப் புள்ள வந்த அன்னைக்கே விட்டுருச்சு. நாந்தான் முப்பது வருசமா விடல.”