ஒழிக்கப்பட்ட பரீட்சை

செவ்வந்தி கல்லூரி முதல்வர் அறைக்குள் போய், மேசைக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் கூலி நெல்லை அளந்து போடும்வரை எங்கள் பக்கத்து ஆட்கள் களத்தை விட்டு எழமாட்டார்கள். அந்த வழக்கத்தை அவள் கல்லூரிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

1980 ஜூலை. பி.ஏ. சேர்க்கைக்கு அன்றுதான் கடைசி நாள்.

நான் போனபோது அவள் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். வேண்டாமென்று நின்றுகொண்டேன்.

பியூன் இராஜாங்கம் என்னை அவளுடைய சித்தப்பா என்று நினைத்து மோர் கொடுத்தார். நல்ல மோர். நான் திருத்தவில்லை.

விவகாரம் இதுதான். எழுபத்தேழில் அவள் பி.யூ.சி.யில் முதல் வகுப்பு. அதே வருஷம் அறுவடைக் கூலித் தகராறில் நெல்லைக் கொள்ளையடித்ததாக வழக்கு. மூன்று வருஷம் திருத்துறைப்பூண்டி கோர்ட்டுக்கு நடந்தாள். போன மாதம்தான் விடுதலை.

அவள் நடந்து முடிப்பதற்குள் அரசாங்கம் பி.யூ.சி.யை ஒழித்துவிட்டு பிளஸ் டூ கொண்டுவந்துவிட்டது.

ஒழித்த பரீட்சையின் மார்க்கும் ஒழிந்த மார்க்தான் என்றார் முதல்வர் துரைராசு. பழையதைப் புதுக் கணக்குக்கு மாற்ற உத்தரவு இல்லையாம். பள்ளிக்கூடம் போய் இரண்டு வருஷம் பிளஸ் டூ படித்துவிட்டு வரட்டுமாம். அவளுக்கு வயது இருபத்தொன்று.

மரக்கால் அளவையை ஒழித்துக் கிலோ வந்ததே, பத்தாயத்தில் கிடந்த நெல்லெல்லாம் பதராகவா போயிற்று என்று கேட்டாள்.

முதல்வர் என்னைப் பார்த்தார்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றுவதை நிறுத்திவிட்டு இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் மீரா உசேன் விதிப் புத்தகத்தை மூன்று தடவை புரட்டினார். சேர்க்கலாம் என்றும் இல்லை, சேர்க்கக் கூடாது என்றும் இல்லை. மூன்றாவது தடவை புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு ராமபாணப் பூச்சி வெளியே வந்து, தானும் அந்தப் பக்கமெல்லாம் தின்று பார்த்துவிட்டதாகவும் ஒன்றும் அகப்படவில்லை என்றும் தலையாட்டிவிட்டுப் போனது. நம்பாதவர்கள் மீரா உசேனைக் கேட்கலாம்.

முதல்வர் மறுபடி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை புருவத்தையும் ஆட்டினார்.

நான் டம்ளரின் அடியில் கிடந்த கறிவேப்பிலையைக் கவனித்தேன்.

செவ்வந்தி நிமிர்ந்து, சார் என்ன பாஸ் பண்ணிவிட்டு பி.ஏ. சேர்ந்தீர்கள் என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

இன்டர்மீடியட் என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

“அதையும்தான் ஒழிச்சிட்டாங்க சார். நீங்க அந்த நாற்காலிய விட்டு எழுந்திரிங்க, நானும் எழுந்திரிக்கிறேன்.”

மீரா உசேன் இருமினார். அவரும் இன்டர்மீடியட்.

முதல்வர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், ஜப்தி செய்ய ஆள் வந்துவிட்டதுபோல. பிறகு விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தை இரண்டு இடத்தில் கிழித்தது.

செவ்வந்தி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“வர்றேங்க ஏட்டய்யா.”

இராஜாங்கம் என் கையிலிருந்த டம்ளரைப் பயந்துபோய் வாங்கிக்கொண்டார்.

அவளை அப்புறப்படுத்தச் சொல்லி முதல்வர்தான் ஸ்டேஷனுக்குப் போன் செய்திருந்தார். பையன்கள் பார்த்தால் கலவரமாகும், மஃப்டியில் ஆள் அனுப்புங்கள் என்றாராம். அதனால் வேட்டியில் போயிருந்தேன்.

எழுபத்தேழு அறுவடையின்போது அவளைக் களத்திலிருந்து எழுப்ப நாங்கள் நாலு பேர் போனோம். அன்றைக்கும் அவள் தானாகத்தான் எழுந்தாள், கூலி அளந்த பிறகு.

முதல்வர் மேசையிலேயே ஒரு தாள் வாங்கி அறிக்கை எழுதினேன்.

‘புகாரில் கண்டபடி வெளியாள் யாரும் அறையில் இல்லை. முதலாண்டு மாணவி ஒருத்தி மட்டும் இருந்தாள். அவளும் வகுப்புக்குப் போய்விட்டாள்.’